யாருமில்லை என்று சொல்ல ஒரு ஆள்

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லித் தொலைத்தால் வருஷம் முழுக்கக் கஞ்சி. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் காமயகவுண்டன்பட்டியில் ஒரு கிழவனும் கிடையாது, ஒரு கிழவியும் கிடையாது. சுருளியாண்டிக்குத் தலை வழுக்கையானது அந்த வாரத்தில்தான் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவர் குடுமியை அவிழ்த்து உதறினால் கம்பத்தில் காற்றடிக்குமாம்.

சங்கதி இதுதான். அந்த முப்பதுகளில் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிவிட்டார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தால்தான் இறங்குவார்கள். சில பேர் அதற்கும் இறங்குவதில்லை. கீழே கிழடுகள் மட்டும் கிடந்தன. அடுப்பு எரிகிற வீடு எது, எரியாத வீடு எது என்று கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு நாள் மூக்கம்மாள் என்கிற கிழவி புளியங்கொட்டையை வறுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பல்லுக்கு நல்லதாம்ல" என்று சொன்னாள். அவளுக்கு வாயில் பல்லே கிடையாது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன சுருளியாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே, பருத்தி மூட்டை அடுக்கிவைக்கிற, அப்போது காலியாகக் கிடந்த தன்னுடைய கிட்டங்கியில் ஓர் அண்டாவை ஏற்றி மத்தியானக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்.

ஆரம்பத்தில் கைவிரல்களுக்குள் அடங்குகிற கூட்டம்தான். பிறகு வாசனை பரவிவிட்டது. பொட்டிப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் இந்தக் கஞ்சிக்கென்றே நடந்து வந்தார். குடித்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் மறுநாள் கஞ்சி நேரம் வந்துவிடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். சுருளியாண்டியின் தானியம் முழுக்க அந்த அண்டாவுக்குள் போயிற்று. எலிகள்கூட அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதாகக் கேள்வி.

மிச்சமிருந்தது ஒரே ஒரு குலுக்கை. ஆள் உயர மண் குலுக்கை, வாய் வரைக்கும் சோளம். ஆனால் அது அவர் மனைவி மாயக்காளுக்கு அவள் அப்பா கொடுத்த சீதனக் காட்டில் விளைந்தது. அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பன் குடுத்த காட்டுச் சோளம் இது. ஊருக்கு ஊத்துறதுக்கு நீங்க என்ன கர்ண மகாராசாவா? கர்ண மகாராசா பொண்டாட்டி கஞ்சிக்கு என்ன செஞ்சாளோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு படி தரமாட்டேன்."

"கிராண்டு வந்துரும் புள்ள."

"வந்தா ஊத்துங்க. வரலைன்னா அந்த அண்டாவக் கவுத்திப்புட்டு எங்கூட வந்து களையெடுங்க."

கிராண்டு என்றால் மதுரையில் ஒரு கமிட்டி கொடுத்துக்கொண்டிருந்த உதவிப் பணம். செத்துப்போன ஒரு மில் முதலாளி சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். வயசாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற இடம் எங்கே இருந்தாலும் அதிலிருந்து கொடுப்பார்களாம். சுருளியாண்டி மனுப் போட்டார். பதில் வந்தது. எல்லாம் சரி, ஆனால் ஆதரவற்ற முதியோருக்கு மட்டும்தான் கிராண்டு. கமிட்டியின் ஆபீசர் நேரில் வந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார். அவரவர் வாயால் 'எனக்கு யாருமில்லை' என்று சொல்லவேண்டும்.

இதிலென்ன இருக்கிறது என்றுதான் சுருளியாண்டி நினைத்தார். கஞ்சி ஊற்றி முடித்த கையோடு எல்லாரையும் கிட்டங்கியில் உட்காரவைத்தார்.

"ஆபீசரய்யா வந்து 'ஒனக்கு யாரு இருக்கா'ன்னு கேப்பாக. எல்லாரும் என்ன சொல்லணும்? 'எனக்கு யாருமில்ல சாமி'. எங்க, ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்."

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி குடிக்கும்போது அத்தனை அகலமாகத் திறந்த வாய்கள்.

"மாமா, நீங்க ஆரம்பிங்க" என்றார் ராக்கப்பனைப் பார்த்து. ராக்கப்பன் ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய ஏர்க்காரர். அவர் மகன் மலையேறி ரெண்டு மழைக்காலம் போய்விட்டது.

ராக்கப்பன் தோளில் கிடந்த துண்டை உதறினார். "ஏலே சுருளி, எம் மகன் அங்கன அட்டைக்கடியிலயும் ஆனைக்காட்டுலயும் கெடக்கான். இங்கன உக்காந்துக்கிட்டு 'யாருமில்ல'ன்னு நான் சொன்னா அந்த வாக்கு எங்க போகும்? நேரா மலையேறி அவன் தலையிலதான விழுகும்?"

"வாக்குக்குக் காலா இருக்கு மாமா, மலையேற?"

"ஒனக்குத் தெரியாது. எங்க சின்னையா ஒருத்தரு கோவத்துல 'எனக்கு யாரிருக்கா'ன்னாரு. ஒரு வாக்குதான். அந்த வருசமே வீட்டுல மாடு, கன்னு, மருமக எல்லாம் போச்சு."

"மருமக செத்துப் போயிருச்சா?"

"ஆத்தா வீட்டுக்குப் போயிருச்சு. போனதுபோனதுதான?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அந்தப் பக்கத்தில் இது ஒரு கட்டுப்பாடு. உயிரோடு சொந்தம் ஒன்று இருக்கும்போது, பெற்ற வாயோ, தாலி கட்டிய வாயோ, கட்டிக்கொண்ட வாயோ 'யாருமில்லை' என்று சொல்லிவிட்டால், சொன்ன சொல் அந்தச் சொந்தத்தைத் தேடிக்கொண்டு போகும். சோறில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆளில்லை என்று சொல்லக்கூடாது.

சுருளியாண்டி யோசித்துச் சோணையம்மாள் பக்கம் திரும்பினார். அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. உடன்பிறந்தவர்களும் இல்லை. அந்தக் கமிட்டிக்காரர்கள் ஆதரவற்றவள் ஒருத்தியைப் படமாக எழுதி வைத்திருந்தால் அது சோணையம்மாள் மாதிரியேதான் இருக்கும்.

"பெரியாத்தா, நீ சொல்லலாமே. ஒனக்குத்தான் நெசமாவே யாருமில்லையே."

சோணையம்மாள் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நிற்கவே அரை நாழிகை ஆகும். அன்றைக்கு விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"வாயக் கழுவுடா! யாருமில்லையா எனக்கு? நாளைக்கு நான் செத்தா யாரு தூக்குவா, யாரு கொள்ளி வைப்பா? இது வரைக்கும் இவனா அவனான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சாவது இருக்கு. நானே 'யாருமில்ல'ன்னு சொல்லிப்புட்டா, அம்புட்டுப் பேரும் 'ஆமா, அதான் அவளே சொல்லிட்டாளே'ன்னு போயிருவீக. நல்லாயிருக்குடா ஒங்கஞ்சி!"

அந்தச் சத்தத்தில் முல்லையாற்றில் குளித்துக்கொண்டிருந்த எருமைகள் எல்லாம் கரையேறிவிட்டன என்பார்கள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். யாரும் எதையும் சொல்லவேண்டாம். ஆபீசர் கேட்கும்போது பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும். மீதியைச் சுருளியாண்டி பார்த்துக்கொள்வார். அப்புறம், இருக்கிறதிலேயே கந்தலாக உடுத்திக்கொண்டு வரவேண்டும். சரி சரி என்றார்கள். இவ்வளவு லேசாகச் சரி என்கிறார்களே என்று அப்போதே அவர் பயந்திருக்கவேண்டும்.

ஆபீசர் பெயர் வைத்தியலிங்கம் பிள்ளை. தஞ்சாவூர்க்காரர், சாதுவான மனிதர். மதுரையிலிருந்து தேனிவரை ரயில், தேனியிலிருந்து கம்பம்வரை பஸ், கம்பத்திலிருந்து மாட்டுவண்டி. வண்டியிலிருந்து இறங்கும்போது அவருடைய எலும்புகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இறங்கின. இறங்கியதும் தவில் சத்தம் காதைப் பிளந்தது.

"இது என்ன?" என்றார் ஆபீசர்.

"எனக்கும் தெரியலைங்க" என்றார் சுருளியாண்டி. தெரியாதுதான்.

கிட்டங்கி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சுருளியாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ராக்கப்பன் ஒரு கோட்டுப் போட்டிருந்தார். எஸ்டேட்டில் எந்தத் துரையோ கழித்துப்போட்ட கோட்டு. மகன் என்றைக்கோ கொண்டுவந்து கொடுத்தது. அதற்குள் இன்னும் ரெண்டு ராக்கப்பன்கள் நுழையலாம். மூக்கம்மாள் காதில் தண்டட்டி தோளைத் தொட்டுக்கொண்டு ஆடியது. எவளிடமோ இரவல். சோணையம்மாள் கண்டாங்கிச் சேலையில் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பொட்டிப்புரத்துப் பெரியவர் கையில் மாலை.

சுருளியாண்டி ராக்கப்பன் காதருகே குனிந்தார். "மாமா, கந்தலோட வாங்கன்னு சொன்னேன்ல?"

"ஊருக்கு ஆபீசர் வந்திருக்காக. கந்தலோட நின்னா எம்புட்டுக் கேவலம்? ஒனக்குத்தான கேவலம்!"

ஆபீசர் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து விசாரணையை ஆரம்பித்தார். முதலில் மூக்கம்மாள்.

"பாட்டி, உங்களுக்கு யார் இருக்காங்க?"

மூக்கம்மாள் ஒப்புக்கொண்டபடியே தலையைக் குனிந்தாள். சுருளியாண்டிக்கு உயிர் வந்தது. குனிந்த தலை அப்படியே இருந்தது. ஆனால் தண்டட்டி ஆடுவது நிற்கவில்லை. உள்ளே என்னவோ நடந்துகொண்டிருந்தது. கடைசியில் தலை நிமிர்ந்துவிட்டது.

"ரெண்டு பயலுக இருக்காக சாமி. சிங்கம் மாதிரி. மலையில இருக்காக."

"பணம் கிணம் அனுப்புவாங்களா?"

"அனுப்புவாகளாவா? ஐயோ, வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்க மாட்டேங்குறாக!"

மலையிலிருந்து அவளுக்கு வந்தது ஒரே ஒரு கம்பளி. அதையும் சோளத்துக்கு மாற்றிச் சாப்பிட்டாயிற்று. ஆபீசர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

"பெரியவரே, உங்களுக்கு?"

ராக்கப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மகன் ஒருத்தன். எஸ்டேட்டுல பெரிய கங்காணி. தொரை ஒரு செடியப் புடுங்கணும்னாலும் எம் மகனக் கேட்டுத்தான் புடுங்கணும். இந்தக் கோட்டப் பாத்தீகள்ல?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"ஐயா" என்று குறுக்கே விழுந்தார் சுருளியாண்டி, "அவுக சொல்றது ஒரு பேச்சுக்குங்க. வயித்துக்கு இல்லாமத்தான் இங்கன..."

"ஏலே, ஆபீசரு எங்கிட்டக் கேக்காக, நீ எதுக்கு நடுவுல?"

இப்படியே வரிசை நகர்ந்தது. மகன்கள், மருமகன்கள், பேரன்கள், கொழுந்தன்மார்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கிட்டங்கியில் சொல்லப்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் உண்மையிலேயே மலையில் இருந்திருந்தால், ஏலச்செடிக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

சுருளியாண்டியின் கடைசி நம்பிக்கை சோணையம்மாள். பொய் சொல்வதற்குக்கூட ஒரு மகன் வேண்டுமே.

"பாட்டி, உங்களுக்கு யாராவது...?"

"ஏழு மகனுக" என்றாள் சோணையம்மாள்.

சுருளியாண்டி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா!" என்றார் ஆபீசர். "என்ன செய்றாங்க?"

"மூத்தவன் மலைமேல அணைக்கட்டுல இருக்கான். இந்தப் பள்ளத்தாக்கு முச்சூடும் பாயுதுல்ல தண்ணி, அது அவன் தொறந்துவிடுற தண்ணி."

"பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவள் திணறவில்லை. முதல் நாலு பேரைக் குலதெய்வங்களின் பெயராகவே சொல்லி முடித்தாள். ஐந்தாவதில் நின்றுவிட்டாள். கண்ணைச் சிமிட்டினாள். தவில்காரன்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். இப்போதாவது மாட்டிக்கொள்வாளா என்று சுருளியாண்டிக்கு ஓர் ஆசை.

"அஞ்சாவது நம்ம சீனிச்சாமில்ல?" என்றார் ராக்கப்பன் அந்தப் பக்கத்திலிருந்து.

"ஆமா ஆமா, சீனிச்சாமி. மறந்தேபோச்சு பாரு."

"அவன் பொறந்தன்னிக்கு என்னா மழை!" என்றாள் மூக்கம்மாள். "நான்தான போய் மருத்துவச்சியக் கூட்டியாந்தேன்."

"ஆறாவது மலைச்சாமி" என்றார் பொட்டிப்புரத்துப் பெரியவர். அவர் ஊருக்கு வந்தே நாலு மாசம் ஆகவில்லை. "தங்கமான பய. என்னப் பாத்தா 'பெரியப்பா'ம்பான்."

ஏழாவது மகனுக்குப் பெயர் வைக்க நாலைந்து பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. இல்லாத பிள்ளைக்கு அத்தனை உரிமைக்காரர்கள். சோணையம்மாள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டுமிருந்தாள். ஆபீசர் பேனாவை மூடினார்.

"மிஸ்டர் சுருளியாண்டி, இது ஆதரவற்றவங்க இடமா? இந்த ஜில்லாவிலேயே இத்தனை ஆதரவோட யாரையும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒருத்தர், ஒருத்தராவது சொன்னாப் போதும், அதை வச்சு நான் கமிட்டியில பேசிப் பார்ப்பேன்."

அந்த இடத்தில்தான் சுருளியாண்டிக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. காலியான தன் குலுக்கைகள், போட்ட மனு, மாலை, தவில், துரை கோட்டு எல்லாம் சேர்ந்து உச்சந்தலையில் ஏறின. துண்டைத் தரையில் ஓங்கி அடித்தார்.

"எழுதிக்கங்கய்யா! நான் சொல்றேன். எனக்கு யாருமில்ல! நான்தான் அநாதை! இந்தக் கூட்டத்துக்குக் கஞ்சி ஊத்துனேன் பாருங்க, எனக்குத்தான் யாருமே இல்ல!"

அடுத்த நொடி சோணையம்மாள் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். "துப்புடா! துப்பிப்புட்டு மாத்திச் சொல்லுடா!" ராக்கப்பன் கோட்டுக் கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். "கூறுகெட்ட பயலே, வீட்டுல ஆளு இருக்கையில சொல்ற சொல்லா இது?" நாலு பக்கமும் கை நீண்டது. கஞ்சி குடித்த கைகள்தான், ஆனாலும் அடி நன்றாகவே விழுந்தது.

இதற்குள் அண்டாப் பக்கத்திலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். மாயக்காள். கடைசிக் கஞ்சி, போனால் போகிறது என்று அன்றைக்கு அவளே கிண்ட வந்திருந்தாள். கையில் துடுப்பு. துடுப்பிலிருந்து கஞ்சி சொட்டியது.

"என்ன சொன்னீக?"

சுருளியாண்டி வாயைத் திறந்தார். சோணையம்மாளின் கை இன்னும் வாய்மேல் இருந்தது.

"நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கையில, யாருமில்லன்னா சொன்னீக? எந்தலையில மண்ணள்ளிப் போடவா இந்த ஆபீசரக் கூட்டியாந்தீக?" அவள் துடுப்போடு ஆபீசர் பக்கம் திரும்பினாள். ஆபீசர் மாலையோடு பின்வாங்கினார். "எழுதுங்கய்யா! இவருக்கு நான் இருக்கேன். இந்தக் கெழடுகளுக்கும் நான் இருக்கேன். எங்கப்பன் குடுத்த காடு இருக்கு, ஒரு குலுக்கை சோளம் இருக்கு. அறுப்பு வரைக்கும் தாங்கும். இங்கன யாருமில்லாதவக யாருமில்ல. நல்லா எழுதுங்க!"

ஆபீசர் எழுதினார். வேறென்ன செய்வார்? யாருமில்லை என்று சொன்ன ஒரே ஆளான சுருளியாண்டியின் பெயரையும் அடித்துவிட்டார்.

பிறகு அவருக்கும் ஒரு கலயம் கஞ்சி கொடுத்தார்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது மூக்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாமிக்கு ஆத்தா அப்பன் இருக்காகளா?"

"அம்மா இருக்காங்க. தஞ்சாவூர்ல."

"கூட யாரு?"

"கூட யாருமில்..." என்று ஆரம்பித்தவர் கலயத்தைக் கீழே வைத்தார். சுற்றிலும் அத்தனை கிழட்டு முகங்களும் அவரையே பார்த்தன. "நான் இருக்கேனே" என்றார். "நான் இருக்கேன் பாட்டி."

"அதான" என்றாள் மூக்கம்மாள்.

வண்டியேறும்போது ஆபீசர் சுருளியாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தில் இடமில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். போகிற வழியில், தஞ்சாவூருக்கு ஒரு கார்டு போடத் தபாலாபீஸ் எங்கே என்று வண்டிக்காரனிடம் விசாரித்தாராம்.

மறுநாள் மத்தியானம் கிட்டங்கியில் சோளக்கஞ்சி. மாயக்காள் குலுக்கையிலிருந்து அள்ளும்போது பேச ஆரம்பித்தவள், ஊற்றி முடிக்கிறவரை நிறுத்தவில்லை. ஆபீசர் முன்னால் வாயை விட்டாயிற்று. இனி அளக்காமல் இருக்க முடியாது. அந்தக் கோபம் முழுக்கச் சுருளியாண்டிக்குத்தான். அவர் வரிசையின் கடைசியில், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுப்புக்கு அப்புறம் என்ன செய்வது என்று மறுபடியும் ஒரு கிராண்டுக் கணக்கு அவர் மண்டைக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. மனுப் போட்டால் அடுத்த வருஷம் வேறு ஆபீசர் வருவாராம்.

சோணையம்மாள் கலயத்தோடு மெதுவாக நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வெசனப்படாத சுருளி. திடீர்னு கேட்டாரா, எனக்கும் ஓடல. அடுத்த வருசம் வரட்டும், சரியாச் சொல்லிப்புடுறேன்."

சுருளியாண்டி நிமிர்ந்தார். "நெசமாவா பெரியாத்தா? என்னன்னு சொல்லுவ?"

"அஞ்சாவது பேரு சீனிச்சாமின்னு" என்றாள் அவள். "மறக்கவே மாட்டேன்."